மலைக்குளத்தில் நனைத்த மெரூன் துணி

1. லீவு

மெரூன் துணி லாட் சாயம் விடுகிறது என்று லேப்பிலிருந்து சொல்லி அனுப்பிய அன்றைக்குத்தான் வேலன் என்னிடம் நாலு நாள் லீவு கேட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் ஆகியிருக்கும். வேலன் வின்ச் மெஷின் ஆபரேட்டர். வின்ச் என்றால் துணியைச் சாயத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி முக்கி எடுக்கிற தொட்டி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். உடுமலைக்குத் தெற்கே, காட்டுக்குள் இருக்கும் ஒரு மலைக்குடியிருப்பு அவர் ஊர். அந்த நாளில் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது ‘அவர்’ என்றே வருகிறது. அப்படியே விடுகிறேன்.

“வருசா வருசம் சித்திரை வந்தா உனக்கு லீவு. அப்படி என்னப்பா மலை மேல?”

“ஆத்தாளுக்குப் பூசைங்க மாஸ்டர். இந்த வருசம் கொடம் எடுக்கற முறை என்னுதுங்க.”

ஆத்தா என்று அவர் சொன்னது கோயிலை இல்லை, ஒரு குளத்தை. அதன் பெயரையும் அவர்கள் இனத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று வேலன் கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை. அந்தக் குளத்துத் தண்ணீரில் யாரும் கை வைப்பதில்லை. வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருவர், ஒரே ஒரு குடம் மொண்டு கரையில் படையல் வைப்பார். ஒன்பது குடும்பங்களுக்கு முறை சுற்றி வரும். போன முறை வேலனின் அப்பா மொண்டார். அவர் இறந்த பிறகு வேலனுக்கு இதுதான் முதல் தடவை.

நான் பாதிதான் நம்பினேன். லீவுக்காக ஒரே மாமனாரை இரண்டு தடவை அடக்கம் செய்த ஆள் எங்கள் பட்டறையிலேயே இருந்தார்.

“சரி, என்னையும் கூட்டிட்டுப் போ. அப்பத்தான் லீவு” என்றேன். வம்புக்குச் சொன்னதுதான்.

மூன்றாம் நாள் வேலன் வந்து நின்றார்.

“எங்கூருப் பெரியவருகிட்ட ஆளு விட்டுக் கேட்டனுங்க. வரச் சொல்லிட்டாரு. ஒண்ணுதானுங்க மாஸ்டர். வெளியாளு அங்க தப்புப் பண்ணுனா, அது கூட்டியாந்தவனோட தப்புங்க.”

“நான் என்னப்பா தப்புப் பண்ணப் போறேன்? செருப்பைக் கழட்டிட்டு, கும்பிட்டுட்டு வரப் போறேன். அவ்வளவுதானே?”

2. குளம்

உடுமலை வரைக்கும் பஸ். அப்புறம் ஜீப். செக்போஸ்டில் வனக்காவலர் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, பீடி, தீப்பெட்டி, பிளாஸ்டிக் எதுவும் இருக்கிறதா என்று பையைத் துழாவிப் பார்த்தார். பிறகு அவர்கள் குடியிருப்புக்கு நாலு மணி நேர நடை. மறுநாள் காலையில் எல்லோரோடும் குளத்துக்கு ஏறினோம். என் முழங்கால் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

குளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரைக் கண்டால் ஹார்ட்னஸ் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று யோசிக்கிறவன் நான். பட்டறைக்குத் தண்ணீர் லாரியில் வரும். இறக்கும்போதே டெஸ்ட் செய்து முகத்தைச் சுளிப்பேன். அங்கே அந்த யோசனை ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் சோலைக்காடு, நடுவில் அசையாத தண்ணீர். பக்தி அதிகம் இல்லாத ஆள் நான். அன்றைக்கு மனதாரக் கும்பிட்டேன்.

எதிர்க்கரையில் பெரியவரும் மற்றவர்களும் படையலுக்கு இடம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வேலன் இடுப்பில் புது மஞ்சள் துண்டு கட்டி, குடத்தை இலையால் துடைத்தபடி எனக்குப் பின்னால் நின்றார். நான் கரைப் பாறையில் உட்கார்ந்தேன். வெளிச்சம் சுத்தமாக இருந்தது. ஒரு கலரை டியூப் லைட்டில் பார்த்தால் ஒன்று, வெயிலில் பார்த்தால் வேறொன்று. அதனால் நடக்கிற லாட்டின் துண்டுத் துணி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். மெரூன் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஷேடு அருமையாக வந்திருந்தது.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. துண்டின் ஓரத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளைக் கர்ச்சீப்பில் வைத்து அழுத்தினேன். சாயம் விடுகிறதா என்று பார்க்க எங்கள் ஆட்கள் செய்கிற வேலை அது. டீக்கடை டம்ளரில் செய்திருக்கிறேன். கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் செய்து என் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் நான் யோசிக்கும் முன்னே கை செய்து முடித்துவிட்டது.

சாயம் விட்டது. நூல் மாதிரி ஒரு சிவப்பு தண்ணீருக்குள் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் கலைந்து போனது.

திரும்பினேன். வேலன் முகம் செத்துப்போயிருந்தது.

“வேலா, யாரும் பாக்கலப்பா. அதான் கலைஞ்சு போச்சே. விட்டுரு.”

“நானு பாத்தனுங்களே மாஸ்டர்” என்றார்.

குரலில் கோபமே இல்லை. ‘யாரும் பாக்கல’ என்று பட்டறையில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். வேலனும் ஆட்டியிருக்கிறார். இங்கே அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கரையைச் சுற்றிக்கொண்டு நேராகப் பெரியவரிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஐயா, நான்தான் பண்ணேன். எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லுங்க.”

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க விருந்தாளிங்க சாமி. உங்களுக்கு நாங்க என்னத்தைச் சொல்றதுங்க?”

அப்புறம் வேலனிடம் சொன்னார். அந்த வருடக் குடத்தை அடுத்த குடும்பம் எடுக்கும். வரப்போகிற மூன்று பூசைக்கும் வேலன் மேலே ஏறக்கூடாது. “மூணு மழை போகோணும். ஆத்தா தன்னால தெளிஞ்சுக்குவா.” வேலன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இடுப்பில் கட்டியிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து அடுத்த முறைக்காரர் கையில் கொடுத்தார். மகன் குடம் எடுப்பதைப் பார்க்க அத்தனை தூரம் ஏறி வந்திருந்த அவருடைய அம்மா, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மத்தியானம் குடியிருப்புக்கு இறங்கி வந்ததும் அந்த அம்மாதான் எனக்குச் சோறு போட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

3. பட்டறை

திரும்பி வருகையில், பஸ் திருப்பூருக்குள் நுழையும்போது வேலன் கேட்டார். “மெரூன் லாட்டுக்கு மறுக்கா சோப்பிங் போட்டுரலாமுங்களா மாஸ்டர்?”

போட்டோம். சோப்பிங் என்பது ஒட்டாத சாயத்தைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் கழுவி எடுப்பது. இரண்டு தடவை போட்டதும் சாயம் விடுவது நின்றது. லாட் பாஸ் ஆனது. கழுவிய தண்ணீர் ரத்தம் மாதிரி வாய்க்காலில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னுங்க மாஸ்டர், புதுசாப் பாக்கறாப்பல நிக்கறீங்க?” என்றார் முதலாளி.

புதிதாகத்தான் பார்த்தேன். அந்தத் தண்ணீர் கீழே யார் தோட்டங்காட்டுக்கும் கிணற்றுக்கும் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது யாருடைய தப்பு என்று அதுவரை நான் கேட்டதில்லை. முதலாளியைச் சொல்வேன், துணி வாங்குகிற பையரைச் சொல்வேன், அரசாங்கத்தைச் சொல்வேன். சாயத்தைக் கலக்கச் சொல்லிச் சீட்டு எழுதுகிறவன் நான்தான்.

அதன் பிறகு, சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்டாமல் தண்ணீரைத் திறக்க விடமாட்டேன் என்று முதலாளியோடு மல்லுக்கட்டினேன். பாதி நாள் ஜெயித்தேன். பாதி நாள் குடும்பத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பெருமை பேச ஒன்றும் இல்லை.

மூன்று சித்திரை வந்து போனது. வேலன் லீவு கேட்கவில்லை. பூசை நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினில் நிற்பார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

நாலாவது வருடம் வந்து நின்றார். “நாலு நாள் லீவு வேணுமுங்க மாஸ்டர்.”

உடனே கையெழுத்துப் போட்டேன். அவர் நகரவில்லை.

“நீங்களும் வாங்க. பெரியவருகிட்டக் கேட்டுட்டனுங்க.”

“வேண்டாம் வேலா. குடம் எடுக்கற முறை மறுபடி உனக்கு வர இன்னும் அஞ்சு வருசம் இருக்கு. இன்னொரு தடவை உனக்கு அந்தக் கெதி வரக்கூடாது. என் கையை எனக்கே நம்ப முடியலப்பா.”

வேலன் சிரித்தார். “அப்ப அந்தக் கைய நானு புடிச்சுக்கறனுங்க.”

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் கை செய்கிற தப்பு உங்களோடு நிற்காது. உங்களை நம்பிக் கூட்டிப்போனவர் தலையிலோ, உங்கள் முகத்தையே பார்க்காத ஒருவர் கிணற்றிலோதான் போய் விழும். முதலில் அது யார் என்று பாருங்கள். அப்புறம் கையை நீட்டுங்கள்.

அந்த வருடம் நான் மலை ஏறினேன். குளத்தங்கரையில் நின்ற அரை மணி நேரமும் வேலன் என் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். கும்பிடுவதற்கு மட்டும் விட்டார்.