பொறுமைக்கு ஒரு கேடயம்

வெள்ளிக் கேடயத்தை மேசையின் நடுவில் வைத்து, அதன்மேல் அரக்கு நிறப் பட்டுத் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும் முன்பே அது தயாராகிவிட்டிருந்தது. படத்தின் பெயரைப் பொறிக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கீழே தலைவரின் பட்டு ஜவுளிக் கடை, மேலே இந்த அறை. ஜன்னலைத் திறந்தால் பின்தெருத் தறிகளின் சத்தம் பேச்சை விழுங்கிவிடும் என்பதால், சித்திரை மாதப் புழுக்கத்திலும் சாத்தியே வைத்திருந்தோம். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம்.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் அப்போது ஒரு கலை மன்றம் இருந்தது. ஊர்த் தியேட்டர்களில் ஓடிய படங்களில் சிறந்த ஒன்றுக்கு ஆண்டுதோறும் கேடயம் கொடுப்பார்கள். சென்னையில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தினார்களா என்பது தெரியாது. ஊருக்குள் அதற்கு மதிப்பு இருந்தது. கேடயம் வாங்கிய படத்தைத் திரும்பவும் திரையிடுவார்கள். பெண்களுக்கு ஒரு காட்சி இலவசம். மன்றத் தலைவர் பெரிய பட்டு வியாபாரி. அவருக்கு அடுத்தபடி தமிழ் ஐயா. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், தலைவருக்கு அடுத்த வீட்டுக்காரர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த ஆண்டு நோட்டீசில் பெண்கள் பெயரும் இருக்கட்டும் என்று டாக்டரம்மாவைத் தேர்வுக் குழுவில் சேர்த்தார்கள். அவர் தனியாக உட்காரத் தயங்குவார் என்று, மிஷன் பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதைத் தவிர, அதுவரை எங்களுக்குள் பெரிய பழக்கம் இல்லை.

டாக்டரம்மாவுக்கு சினிமா பார்க்கிற வழக்கமே கிடையாது. வேலூரில் படித்து, கணவரை இளம் வயதிலேயே இழந்து, ஆரணிக்கு வந்து கடைத்தெருவுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஊரில் பாதிக் குழந்தைகள் அவர் கையில் பிறந்தவை. குழுவில் சேர்ந்ததற்காகவே தியேட்டருக்கு வந்து, நோயாளியைப் பரிசோதிப்பது போல முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். ஒரு படத்தில் கதாநாயகன் கதாநாயகியை ஓங்கி அறைகிற கட்டம் வந்தபோது தியேட்டரே விசிலடித்துக் கூரை அதிர்ந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் திரும்பினால், டாக்டரம்மா நாற்காலியில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, பின்னால் விசிலடிக்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்துக்குத்தான் கேடயம் கொடுக்க வேண்டும் என்பது தலைவரின் எண்ணம். படித்த திமிரில் ஆடும் பெண்ணைக் கதாநாயகன் அடித்துத் திருத்தி, குங்குமம் வைத்து, குடும்பப் பெண்ணாக்குகிற கதை. மாதக்கணக்கில் ஓடியது. தமிழ் ஐயாவுக்கு அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். அவர் மனதில் வைத்திருந்தது வேறொரு படம். அதில் கணவன் எத்தனை கொடுமை செய்தாலும் மனைவி வாய் திறப்பதில்லை. கடைசியில் அவன் காலடியில் உயிரை விடுகிறாள், அவன் திருந்துகிறான்.

"மன்றம் ஆரம்பிச்ச காலத்துல எப்பேர்ப்பட்ட படத்துக்கெல்லாம் கொடுத்தோம்? இப்போ விசிலடிக்கிறவன் தேர்ந்தெடுக்கறான், நாம கேடயம் செஞ்சு கொடுக்கறோம். விருதுக்கே தரம் போயிட்டா, அப்புறம் ஊருக்கு என்ன பண்பாடு மிஞ்சும்?" என்றார் தமிழ் ஐயா.

"ஐயா, ஜனங்க திரும்பத் திரும்ப வந்து பாத்துகினு கீறாங்க," என்றார் தலைவர். "அவங்களுக்குத் தெரியாதது நாலு பேர் ரூம்ல குந்திகினு பேசற நமக்குத் தெரிஞ்சிடப் போவுதா? நீங்க சொல்ற படம் ஒரு வாரம் கூட ஓடல."

இப்படியே வெகுநேரம் போனது. தமிழ் ஐயா சீரழிவு என்றார், தலைவர் காலம் மாறிவிட்டது என்றார். காப்பி வந்தது, ஆறியது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டும் ஒரே படந்தாங்க. ஒண்ணுல அடி வாங்கிட்டுச் சிரிக்கிறா. இன்னொண்ணுல அடி வாங்கிட்டு சாமி கும்பிடறா. தரம் கீழ போயிடுச்சுன்னு ஐயா சொல்றாரு. மேல எப்ப இருந்துதுன்னு எனக்குத் தெரியல. இந்த வருஷம் யாருக்கும் வேணாம்னு சொல்லிடலாம்."

ஒரு படத்துக்குப் பரிசு கொடுப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று தலைவர் கேட்டார். கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"பரிசுங்கறது, நாங்க எதுக்குக் கை தட்டறோம் பாருங்கன்னு ஊருக்குச் சொல்றதுங்க. என் ஆஸ்பத்திரிக்கு வர்ற பொம்பளைங்க எல்லாரும் கிணத்தடியில வழுக்கி விழுந்தவங்கதான். முதுகுல விழுந்திருப்பாங்க, கழுத்துல விழுந்திருப்பாங்க. கிணத்தடியே இல்லாத வீட்டுப் பொம்பளைங்களும் விழுந்துட்டுத்தான் வராங்க. அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, ஓசியில இந்தப் படத்தைக் காட்டப் போறோமா?"

தலைவர் ஆறிப்போன காப்பியை எடுத்து ஆற்றத் தொடங்கினார். நான் அதைப் பார்த்தேன். அப்போது அதற்கு எந்த அர்த்தமும் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் ஐயாதான் எழுந்துவிட்டார். "பொறுமை பெண்ணுக்குச் சிறுமை இல்லம்மா. உங்க வேதத்துல வேற மாதிரி இருக்கலாம்," என்றார். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க சர்ச்சுலயும் இதே பிரசங்கந்தாங்க ஐயா," என்றார்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதுவரை எதிரும் புதிருமாக இருந்த இரண்டு ஆண்களும் ஒரே நிமிடத்தில் ஒன்றாகிவிட்டார்கள். தலைவர் தன் படத்தை விட்டுக்கொடுத்தார். தமிழ் ஐயா நன்றி சொன்னார். நானும் டாக்டரம்மாவும் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் ஒரு பக்கம். சரிசமம் வந்தால் தலைவர் சொல்வதே முடிவு என்பது மன்றத்து விதி. பொறுமைசாலி மனைவி கேடயத்தை வாங்கினாள்.

விழாவுக்கு டாக்டரம்மா வரவில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி இருந்தது. பெண்கள் காட்சியில் முன்வரிசையில் தலைவர் வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். கலசப்பாக்கத்துப் பெண், மடியில் சின்னப் பெண் குழந்தை. கடைசிக் கட்டத்தில் தியேட்டர் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். அவள் அழவில்லை. விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல், தூங்கிவிட்ட குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குப் போகலையாம்மா?" என்றேன். "போவணும் டீச்சர்," என்றாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, அவளை ஒரு வாடகைக் காரில் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரை வெந்துபோயிருந்தது. இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்து, டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டு, அதே காரில் தானும் ஏறி உட்கார்ந்து வேலூருக்குப் புறப்பட்டார். கண்ணமங்கலம் தாண்டியபோது அந்தப் பெண் கண்ணைத் திறந்து பேசினாளாம். ஸ்டவ் வெடிக்கவில்லை, மண்ணெண்ணெயை ஊற்றியது மாமியார், குச்சி கிழித்தது கணவன். வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. எதற்காகச் செய்தார்கள் என்று அப்போது ஊரில் பலதும் பேசினார்கள். நான் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது காரணம் போலத் தோன்றிவிடும்.

டாக்டரம்மா நேராகப் போலீசில் போய்ச் சொன்னார். அந்தப் பெண் அதற்கு முன்பே மூன்று நான்கு முறை, கிணற்றடியில் விழுந்ததாகத் தன்னிடம் வந்தவள் என்பதையும் சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்தப் புழுக்கமான அறையும், ஆறிய காப்பியைத் தலைவர் ஆற்றியதும் புரிந்தன. நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காக, ஒரு படத்தைச் சாக்கிட்டு, அவள் மாமனாரின் எதிரில் உட்கார்ந்தே அவளுக்காக வாதாடியிருக்கிறார்.

வழக்கு வேலூரில் நடந்தது. யாரும் எதிர்பாராமல் தமிழ் ஐயா சாட்சி சொல்லப் போனார். தலைவர் வீட்டு ஆட்கள் வந்து தடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அன்று நெருப்புப் பிடிப்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டைச் சத்தம் கேட்டது, "வேணாங்க, வேணாங்க" என்று அந்தப் பெண் கத்தினாள், நான் கேட்டேன் என்றார். முன்பும் இப்படிச் சத்தம் கேட்டதுண்டா என்று வக்கீல் கேட்க, தலையைக் குனிந்துகொண்டு, "அடிக்கடி கேட்கும்" என்றார். பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் சாட்சி நொறுங்கிப்போனது.

டாக்டரம்மாவைக் கூண்டில் ஏற்றி அந்த ஊசியைப் பற்றித்தான் கேட்டார்கள். இவ்வளவு பலமான மருந்து போட்டால் மயக்கம் வருமா, வராதா? வரும். மயக்கத்தில் பிதற்ற வாய்ப்பு உண்டா, இல்லையா? உண்டு. அவள் துடிப்பதைப் பார்க்க முடியாமல் போட்ட ஊசியே அவள் வார்த்தையைப் பொய்யாக்கிவிட்டது. ஆனால் வழக்கை முடித்தது அதுவும் இல்லை. கலசப்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா, கல்யாணத்துக்கு இன்னொரு பெண்ணை வைத்திருந்தவர், கைகூப்பிச் சொன்னார்: "என் பொண்ணு ரொம்பப் பொறுமசாலிங்க. புருஷன் வீட்டப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லீங்க." நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ் ஐயா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமியாரும் கணவனும் விடுதலையானார்கள்.

தமிழ் ஐயா அதற்குப் பிறகு மன்றத்துப் பக்கமே வரவில்லை. இரண்டு மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார். மன்றம் சில ஆண்டுகள் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவரையும் மறுபடி கூப்பிடவில்லை. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு வசதியான வீட்டுக்காரர்கள் வருவது நின்றது. தறிக்காரக் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள், அதுவும் முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக. ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன், அந்தப் படம்தான் இதற்கெல்லாம் காரணமா என்று. "படத்தைப் பாத்துட்டா கொளுத்தினாங்க? இல்ல. அவங்களுக்குக் கொளுத்தறதுக்குப் படம் வேணாம். ஆனா அவ தப்பிச்சிப் போறதுக்கு ஒரு கதை வேணும் இல்ல? அதை ஒருத்தரும் அவளுக்குக் காட்டல," என்றார்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் சினிமா விருதுகளை அறிவித்ததும் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, தரம் செத்துவிட்டது, பண்பாடு போய்விட்டது என்று கத்துகிறார்கள். இன்னும் நாலு பேர் மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்கிறார்கள். அவர்கள் இரு பக்கமும் பேசுவதைக் கேட்கும்போது, சாத்திய ஜன்னலுக்குள் இருப்பது போல எனக்கு மூச்சு முட்டுகிறது. எழுந்து போய் வேறு வேலை பார்க்கிறேன். எழுபதுகளின் விருதுகளைப் பொற்காலம் என்று அவர்கள் சொல்லும்போது மட்டும், எனக்குள் ஏதோ ஒன்று திரும்பி உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்க்கிறது.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மடியில் தூங்கிய அந்தக் குழந்தை தலைவர் வீட்டிலேயே வளர்ந்தாள். அப்பா மறுமணம் செய்துகொண்டார். எண்பதுகளின் நடுவில் அவள் என் வகுப்புக்கு வந்தாள். யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால், மனப்பாடம் செய்ததுபோலச் சொல்வாள்: "எங்கம்மா ஸ்டவ் வெடிச்சி செத்துட்டாங்க. ரொம்பப் பொறுமையானவங்களாம்." பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, ஒரு மாலை, யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் போல, என்னிடம் வந்து, "டாக்டரம்மாகிட்டக் கூட்டிகினு போறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

நோயாளிகள் போன பிறகு டாக்டரம்மா அவளை எதிரில் உட்காரவைத்தார். எதையும் குறைக்காமல் சொன்னார். கடைசியில், "உங்கம்மா பொறுமைசாலி இல்லம்மா. கலசப்பாக்கத்துக்கு ஓடிப் போய் அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கா, அவர் திருப்பி அனுப்பிட்டார். கார்ல என்கிட்டச் சொன்னா. தீக்காயத்தோட கையப் புடிச்சிகிட்டுச் சொன்னா. அவளால முடிஞ்ச வரைக்கும் எல்லார்கிட்டயும் சொன்னா," என்றார்.

"அழுதாங்களா?"

"அழுதா. பயங்கரக் கோவமாவும் இருந்தா."

"கோவமாவா?" என்றாள் அந்தப் பெண். அம்மாவைப் பற்றி அதுவரை யாரும் அவளுக்கு அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதை வாய்க்குள் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளி விடுதிக்கு வந்துவிட்டாள். அழைத்துப்போகத் தலைவரே வந்தார். தலை நரைத்து, கைத்தடி பிடித்திருந்தார். வேப்பமரத்தடியில் நின்று, "வாம்மா, வூட்டுக்குப் போலாம்," என்றார். விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவள் படியில் இறங்காமல் நின்று, அந்தத் தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"வரமாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. கைத்தடியை ஊன்றித் திரும்பி, ரிக்ஷாவில் ஏறிப் போனார். அவள் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.