முப்பத்திரண்டு மூக்குக் கண்ணாடிகள்

என் தம்பிக்கு நாற்பத்து நான்கு வயது. மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று அவன் பிறந்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடம் உலகத்தோடு மல்லுக்கு நின்றுவிட்டு, அவனை என் கையில் ஒப்படைத்துப் போய்ச் சேர்ந்தாள். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவனைப் பார்த்து "பாவம்" என்று உச்சுக் கொட்டியவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

அந்த "பாவம்" எங்கள் காதில் விழாத ஒரே இடம் சனிக்கிழமைச் சங்கம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை, பதினோரு பேர். எல்லோருக்கும் உடம்பிலோ மனதிலோ ஏதோ ஒரு குறை, ஆனால் யாரும் குழந்தை இல்லை. அங்கே உதவி வாங்க யாரும் வருவதில்லை, செய்யத்தான் வருகிறார்கள். எல்லோருமாகப் பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். சக்கர நாற்காலிக்காரர் பேப்பர் வாசித்துக் காட்டுவார். பார்வையில்லாத பெண்மணி வலிக்கிற கால்களைப் பிடித்துவிடுவார். என் தம்பிக்கு மூக்குக் கண்ணாடி.

இல்லத்தில் இருக்கிற முப்பத்திரண்டு பேரின் கண்ணாடிகளையும் தட்டில் வாங்கிவருவான். சோப்புத் தண்ணீரில் கழுவி, நான் வெட்டிக் கொடுத்த லைனிங் துணியால் துடைத்து, கொண்டுபோய்க் கொடுப்பான். படிக்கத் தெரியாது, அதனால் பெயர்ச் சீட்டும் கிடையாது. ஆனால் எந்தக் கண்ணாடி எந்த மூக்குக்கு என்பதில் பன்னிரண்டு வருடம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. மேனேஜர் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். கூட்டிப்போக நான் போனால், என் கண்ணாடியையும் பிடுங்கித் துடைத்து, "அக்கா, இந்தா உன்னுது. ஊசி கோக்குற கண்ணாடி" என்பான்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அவனைக் கூட்டிக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் குடையை இல்லத்திலேயே விட்டது ஞாபகம் வந்தது. அவனை நூலக வாசலில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். கூடத்தில் பெரியவர்கள் எல்லோரும் கையில் கண்ணாடியோடு தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்னுது யார்கிட்ட? தங்கக் கலர் கம்பி!" என்று ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நாலு மாசமாம்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர். "அவன் தப்பாக் குடுக்கறதையே போட்டுக்குவோம். அவன் போனதும் மாத்திக்குவோம். கொஞ்சம் தலை சுத்தும், அவ்வளவுதான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே, எல்லாரும் பெரியவங்கதானே?"

ஜன்னலோரப் பாட்டியம்மா மெதுவாகச் சொன்னார்: "சொன்னா நீ அவனைக் கூட்டிட்டு வரமாட்டியோன்னு பயம்."

வீட்டில் சட்டைப் பொத்தானை அவன் மாற்றி மாற்றிப் போட்டதும், குளியலறைக்குப் போகிறவன் சமையலறையில் நின்றதும் அப்போதுதான் உறைத்தது. நானும்தான் நாலு மாதமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"இப்படிப் பிறந்தவங்களுக்கு மறதி சீக்கிரம் வந்துடும். நிறுத்த மருந்து இல்லம்மா" என்றார், அந்த வாரமே அவனைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர். அவரிடமும் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கத்தினால் நடக்கிற காரியம் என்றால் நான் எப்போதோ நடத்தியிருப்பேன்.

சங்கத்தை நடத்துகிற நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தட்டை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு, அவரைச் சும்மா வந்து உக்காரச் சொல்லலாமா?"

பின்னால் நின்ற தம்பிக்குக் கேட்டுவிட்டது. "உக்கார வீட்லயே நாற்காலி இருக்கு. நான் வேலைக்கு வந்தேன்" என்றான். நர்ஸ் என்னைப் பார்த்தார். அந்தத் தட்டையும் பிடுங்கிவிட்டால் இவனுக்கு என்ன மிச்சம்? "அவனா அதைக் கீழே வைக்கிற வரைக்கும் விட்டுடுங்க, நானும் கூட வரேன்" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடத்தின் கடைசி நாற்காலி எனக்கு. அவன் தப்பான கண்ணாடியை நீட்டுவான், பெரியவர்கள் வாங்கி மாட்டிக்கொண்டு "பேஷ், பேஷ்" என்பார்கள். இவர்களுக்கு நடிக்க வராது, ஒரு நாள் குட்டு உடையப்போகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். என் கண்ணாடி மட்டும் எப்போதும் சரியாக என்னிடமே வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு நம்பிக்கை வளர்த்திருந்தேன்.

போன சனிக்கிழமை தட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. தங்கக் கலர் கம்பி. கறுப்புக் கம்பி வைத்த என் கண்ணாடி போஸ்ட்மாஸ்டரின் மூக்கில் இருந்தது. தம்பி என் முன்னால் வந்து, எல்லோரிடமும் குனிவதுபோல மரியாதையாகக் குனிந்தான்.

"வணக்கம்மா. நீங்க புதுசா வந்திருக்கீங்களா? இந்தாங்க, உங்க கண்ணாடி."

நாற்பத்து நான்கு வருடத்தில் அவன் என்னை "நீங்க" என்று சொன்னதில்லை.

எதிரே போஸ்ட்மாஸ்டர் என் கண்ணாடியைக் கழற்றக் கையை உயர்த்தினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். தங்கக் கம்பியை வாங்கி மாட்டிக்கொண்டேன். அவன் முகம் கலங்கலாகக் கரைந்துபோனது.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது, மேனேஜர்."

அவன் திருப்தியாகக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தான். தலை சுற்றியது. அவன் கதவைத் தாண்டிப் போகிறவரை நான் அதைக் கழற்றவில்லை.