அங்கே களை எடுப்பது யார்?

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இப்போது இந்த மலரைத் தபாலில் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான்கு பேர் முன்னால் எழுந்து பேச எனக்கு வராது. எட்டாம் வகுப்புவரை படித்ததை வைத்து எழுதுகிறேன். எழுதியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

அக்கா ஆரணிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய எங்கள் சிற்றூரில் பிறந்தார். அம்மா இறந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. என்னை வளர்த்தவர் அவரே. கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் ஆண்டே மாமாவை இழந்து திரும்பி வந்தார். அப்பாவுக்குப் பிறகு எனக்குத் தறி, அவருக்கு முக்கால் ஏக்கர் நிலம் என்று ஆயிற்று. நான் ஆரணி டவுனில் தறித்தெருவுக்குக் குடிபெயர்ந்தேன்.

அக்கா எதையும் எளிதில் நம்ப மாட்டார். விதை நெல்லில் ஒரு பிடியை ஈரத் துணியில் முளைக்கவைத்துப் பார்க்காமல் நிலத்தில் இறக்க மாட்டார். தொண்ணூறுகளில் புதுப்புது விவசாயம் சொல்லிக்கொண்டு பலர் ஊருக்கு வந்தார்கள். இஸ்ரேலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள் என்றார் ஒருவர். அமெரிக்காவில் விமானத்திலிருந்து விதைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். பட்டாளத்தில் இருந்த சித்தப்பா மகன், நாகாலாந்து மலையில் காட்டை எரித்துச் சாம்பலில் விதைப்பதைச் சொன்னான். அக்கா எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்பார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அங்க களை எடுக்கறது யாரு?"

வந்தவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். "அப்ப நீ பாக்கல. யாரோ சொன்னத கேட்டுகினு வந்து சொல்ற" என்பார்.

என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் உலக வேளாண்மை வகைகள் என்று ஒரு பாடம் இருந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டார். நம் பக்கத்து நெல் சாகுபடிக்குத் 'தீவிரத் தன்னிறைவு வேளாண்மை' என்று பெயர் போட்டிருந்தார்கள். "தன்னிறைவா? யாருக்குடா நெறைஞ்சுது?" என்று சிரித்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளில், மடகாஸ்கர் என்ற தீவின் நடவு முறையோடு வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்தார். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, ஒரு சாண் இடைவெளி, தண்ணீரும் தேங்கக் கூடாது. அக்கா தன் கேள்வியைக் கேட்டார். "களை அதிகமா வரும்மா. களை எடுக்கற கருவிய உருட்டிகினே இருக்கணும், ஆள் வேணும்" என்றார் அவர். குறையை மறைக்காமல் சொன்ன ஆளை அக்கா அன்றுதான் பார்த்தார். கிணற்றிலும் தண்ணீர் குறைந்திருந்தது. கால் ஏக்கரில் மட்டும் நட்டார்.

நடவுப் பெண்கள் மடகாஸ்கரை 'மடையன் நடவு' ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வயல் ஏழுமலை அண்ணன், எங்கள் கிணறு வற்றும்போதெல்லாம் மோட்டார் தண்ணீர் திருப்பிவிடுபவர், வரப்பில் நின்று, "யக்கா, நாத்து பத்தலன்னா எங்கிட்ட கேக்கறதுதான?" என்றார். டவுன் பஸ்ஸில் என்னிடம் ஒருவர், "உங்க அக்கா வயலுக்கே மொட்ட போட்டுட்டாங்களாமே, திருப்பதி வேண்டுதலா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த அமாவாசை, தறிக்கு விடுமுறை. விடிந்ததும் ஊருக்குப் போனேன். வயலில் அப்போது யாரும் இல்லை. இழை அறுந்த இடத்தைக் கண்டால் தானாகப் போய் முடிச்சுப் போடும் கை என்னுடையது. வயலின் வெற்றிடத்தைப் பார்த்ததும் அந்தக் கையால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்றங்காலில் மீந்து கிடந்த நாற்றை எடுத்து, ஏழுமலை அண்ணன் வரப்பை ஒட்டி நான்கு வரிசையின் இடைவெளிகளை அடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அக்காவுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

அக்கா அந்த நாற்றை எல்லாம் களையாகப் பிடுங்கி, ஏழுமலை அண்ணன் வரப்பில் வீசினார்.

"எம் பயிர கெடுக்க ராவோட ராவா வந்து நட்டியா?"

"நான் நட்டிருந்தா கூலி கேட்டு வாசல்ல நின்னுருப்பேனேக்கா."

சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பதிலே அக்காவின் சந்தேகத்தை உறுதியாக்கியது. அத்தோடு பேச்சு நின்றது. கால் ஏக்கர் நன்றாகவே விளைந்தது. ஆனால் அடுத்த கோடையில் கிணறு வற்றியபோது, ஏழுமலை அண்ணன் கேட்காமலே திருப்பிவிட்ட தண்ணீரை அக்கா மண் போட்டு அடைத்தார். "இதுல இன்னா கலந்துகினு வந்தானோ" என்றார். முக்கால் ஏக்கரும் காய்ந்தது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகளும் திறக்கவில்லை.

போன ஆண்டு அக்கா நோயில் படுத்தபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோனவர் அதே ஏழுமலை அண்ணன். அவர் கொண்டுவந்த கஞ்சியை அக்கா முகர்ந்து பார்த்தார். "மடகாஸ்கர் கஞ்சிதான், குடிக்கா" என்றார் அவர். அக்கா குடித்தார். அவர் வெளியே போனதும் நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குடா சொல்ற? போய் அவன்கிட்ட சொல்லு."

வராந்தாவரை போனேன். ஏழுமலை அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்ல முடியாமல் திரும்பினேன். "சொல்லிட்டேன்க்கா" என்றேன். அக்கா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாள் காலமானார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியங்களில் உடன் நின்ற தறித்தெரு மக்களுக்கும், அன்று தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஏழுமலை அண்ணே, அந்த நாற்றை நட்டவன் நான். இந்த ஓராண்டாக அக்கா வயலில் யாரும் கேட்காமலே களை எடுத்து வருபவர் நீங்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த மலரின் முதல் பிரதி உங்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் போல அதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. வருகிற அமாவாசை காலையில் நானே எடுத்துக்கொண்டு உங்கள் வரப்புக்கு வருகிறேன்.