கப்பலுக்குக் கொடுத்த நாற்பது உடுப்பு

இப்போது இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தில் கண் வைக்காத நாடில்லை. யார் வந்து நிலாவெளி ஹோட்டல்களில் தங்கினாலும் படுப்பது நான் வெளுத்த விரிப்பில்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆறு மெஷின் போட்டிருக்கிறேன். ஆனால் முதன்முதலாக நான் கொண்டுபோய்க் கொடுத்த மூட்டையை நினைத்தால் இந்த வயதிலும் சோறு இறங்குவதில்லை.

வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கைவிட்டுப் போன காலம். அப்பா அவர்களின் கப்பல்களுக்கு உடுப்பு வெளுத்தவர். கடைசிக் கப்பல் அவசரமாகக் கிளம்பியதில் மாலுமிகளின் நாற்பது வெள்ளை உடுப்புகள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. புதிதாக வந்த எங்கள் நாட்டு நேவிக்காரர் அப்பாவைக் கூப்பிடவில்லை. வேலை நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த நாற்பதையும் நனைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் தோய்த்து, சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி அடுக்குவார்.

“ரெண்டை வெட்டி இவனுக்குச் சட்டை தைப்பமே, வெறும் மேலோட திரியிறான்” என்பார் அம்மா.

“விசரே உனக்கு? நாளைக்குக் கப்பல் வந்து கேட்டா என்னத்தைக் குடுக்கிறது? இவ்வளவு பெரிய ராச்சியம் எங்கை போயிடும்?”

ஒருநாள் அப்பா தோப்பூருக்குச் செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அன்று பார்த்து ஒரு கப்பல் வந்தது. வெள்ளை உடுப்போடு மாலுமிகள் இறங்கினார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்? மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஆட்கள் கறுப்பாக இருந்ததைக் கவனித்தேன்தான். வெயிலில் கறுத்திருப்பார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அது பக்கத்து நாட்டுக் கப்பல். ஒருவன் தமிழே பேசினான்.

“யாரு துணிடா தம்பி இது?”

“உங்கட உடுப்புத்தான். அப்பா வெளுத்து வைச்சவர்.”

“டேய், இங்க வாங்கடா! நாம வர்றதுக்கு முன்னாடியே வெளுத்து வச்சிருக்காங்க!”

சிரித்துச் சிரித்துப் பங்கு போட்டார்கள். எனக்கு ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. பின்னேரமே கப்பல் போய்விட்டது.

மறுநாள் அப்பா படலையைத் திறக்க முன்னமே கத்தினேன்: “அப்பா, கப்பல் வந்தது! எல்லாத்தையும் குடுத்திட்டன்!”

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. “வந்திட்டாங்களோ! துரைமார் ஆரும் என்னைக் கேட்டவையோ?”

“துரைமார் இல்லை, எங்கட நிறத்து ஆக்கள். தமிழும் கதைச்சவை.”

“ஒண்டாவது மிஞ்சினதோ?” என்றார்.

நான் எண்ணத் தெரியாதவன் என்று நினைக்கிறாரே என எனக்கு ரோசம் வந்தது. “ஒண்டும் மிஞ்சேல்லை. நாற்பதையும் எண்ணித்தான் குடுத்தனான்.”

அப்பா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். தோப்பூரிலிருந்து வந்த களைப்பு என்று நினைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.