பை டூ காபியும் அறுநூறு மில்லிமீட்டரும்

சில மாதங்களாக நான் எடுத்த பறவைகளெல்லாம் ஆவி உருவில்தான் விழுந்தன. மீன்கொத்திக்கு இரண்டு அலகு. கொக்குக்குப் பக்கத்தில் அதன் ஆன்மா. குற்றவாளி பழைய லென்ஸ்தான் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு, புதுசு தேடத் தொடங்கினேன். நீளம் மாறாத ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸா, நீண்டு சுருங்கும் ஜூமா. முழு சென்சார் கேமராவா, கழுத்தை ஒடிக்காத சின்ன சென்சாரா. இதில் நான் படித்த விமர்சனங்களின் அளவுக்குப் பாடப்புத்தகம் படித்திருந்தால் என் அப்பா நிம்மதியாகப் போயிருப்பார்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய அலுவலக நண்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் புது கேமராவையும் அறுநூறு மில்லிமீட்டர்வரை நீளும் ஜூமையும் இரவல் தந்தார். கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் அதில் உண்டு; என்னுடைய பழசில் கிடையாது. "அத ஆஃப் பண்ணிட்டும் எடுத்துப் பாருப்பா. அப்பதான் லென்ஸ் கண்ணாடி இன்னா லட்சணம்னு தெரியும்" என்றார்.

அல்சூர் ஏரி. மேகமூட்டம். மனைவி நடைப்பயிற்சி என்று கூட வந்திருந்தாள். நீருக்குள் நின்ற கம்பத்தில் ஒரு நீர்க்காகம், துவைத்த சட்டையைக் காயப்போட்டதுபோல் இறக்கை விரித்து நின்றது. ஸ்டெபிலைசரோடு எடுத்தேன். இறகு இறகாக வந்தது. வழக்கில் வென்றுவிட்டேன்.

பிறகு நண்பர் சொன்னபடி அணைத்துவிட்டு எடுத்தேன். காற்றில் சிக்கிய கறுப்புக் குடை. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து மறுபடி எடுத்தேன். இன்னும் மோசம். கண்ணை விலக்கிப் பார்த்தால் பறவை கல்லாய் நின்றது. கேமராவுக்குள் மட்டும் ஆடியது.

மனைவியைக் கூப்பிட்டு, இதைப் பிடித்து ஒருமுறை அமுக்கு என்றேன். செல்போனில் எடுத்தாலே சொந்தக்காரர்களின் தலையை வெட்டிவிடுபவள். என்ன கனம் என்று முனகியபடி அமுக்கினாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நீர்க்காகத்தின் கண் பச்சை என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்டெபிலைசர் பொத்தானைப் பார்த்தேன். அணைந்தேதான் இருந்தது. காற்று நின்றிருக்கும், வெளிச்சம் கூடியிருக்கும் என்றேன். அப்படியானால் நீங்கள் இப்போது எடுங்கள் என்றாள். எடுத்தேன். மறுபடியும் குடை. பறவைக்கு அலுத்துவிட்டது போலும், பறந்துவிட்டது.

"லென்ஸ் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க லென்ஸ் பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. காபிய சட்டையில ஊத்திக்கிட்டே இருந்தீங்க. அதான் பை டூ."

ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகத் தருவதுதான் எங்கள் ஊர் பை டூ. சில மாதங்களாக எங்கே போனாலும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் சர்க்கரைக்காக என்று நினைத்திருந்தேன். பலவீனமான தருணங்களில், காதல் என்றும்.

"நாளைக்கு நரம்பு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றவள், நான் வாய் திறப்பதற்குள், "எல்லா நடுக்கமும் நீங்க பயப்படற வியாதியா இருக்காது" என்றாள். பயப்படுகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஓட்டல் கவுண்டருக்கு அவள் நகர்வதற்குள் நான் போய்விட்டேன். முழுசாக இரண்டு கேட்கலாமா என்று வாய்வரை வந்தது.

"ஒந்து பை டூ காபி" என்று கன்னடத்தில் ஒன்றே ஒன்று சொன்னேன்.

இரண்டு பாதி டம்ளர்களையும் நானே தூக்கிக்கொண்டு மேசைக்கு நடந்தேன். அவள் தெருவைப் பார்ப்பதுபோல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.