தலையில்லாத ஆடுகள்

பகல் பன்னிரண்டு மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். குஜிலியம்பாறைக்குப் பத்தணா டிக்கெட். காவிரிக் கரையில் வளர்ந்தவன் சித்திரை மாதத்தில் செய்கிற பயணமா இது? அக்காள் வீட்டு விசேஷம், தட்ட முடியவில்லை.

வடமதுரை தாண்டி நாலு மைலில் என்ஜின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பொட்டல். கண்டக்டர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். நான் சீட்டிலேயே கண்ணை மூடிக் கிடந்தேன்.

இரண்டரை மணிக்கு அவர் தண்ணீரோடு திரும்பிய சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. வண்டியை ஒட்டி ஒரு மந்தை செம்மறி ஆடு, ஒன்றுக்கும் தலையில்லை! முண்டம் முண்டமாக நிற்கின்றன. இறங்கிக் குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முன்வரிசை ஆடுகள் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்திருந்தன. பின்னால் நின்றவை முன்னால் நின்றவற்றின் வயிற்றுக்கடியில் தலையை ஒளித்திருந்தன.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

"ஏத்தா, ஓட்டிட்டுப் போ! சக்கரத்துல மாட்டிச் சாகப் போகுது."

ஆடுகளுக்கு நடுவே நின்ற மேய்ச்சல்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வெரட்டாதீங்கண்ணே. ஒடம்பு வெயிலத் தாங்கிக்கிரும், தலைதான் தாங்காது. இப்ப வெளிய இழுத்தா சுருண்டு விழுந்துரும். எனக்கு இருக்கிறதே இம்புட்டுத்தான்."

அடுத்த நிழல் அரை மைல் தள்ளி நின்ற புளியமரங்கள். கீழே இறங்கிய ஒரு பயணி வெயில் பொறுக்காமல் குடையை விரித்தார். உடனே ஒரு ஆடு வண்டியை விட்டு வந்து அதற்கடியில் தலையைக் கொடுத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். துண்டு, குடை, ஜமுக்காளம், கையில் கிடைத்ததை விரித்து ஆடுகளை வெளியே இழுத்தோம். ஒன்று என் வேட்டிக்குள்ளேயே தலையை விட்டது. ஈர மூக்கு முழங்காலில் பட்டதும் அலறிவிட்டேன்.

"புளியமரம் வரைக்கும் அப்படியே நடங்க. நான் வெயில் பக்கமா வண்டிய உருட்டுறேன்" என்றார் டிரைவர்.

பஸ் ஊர்ந்தது. அதன் நிழலில் பாதி மந்தை, எங்கள் துணி நிழலில் மீதி. ஒருவழியாகப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். சிரிப்பும் கூச்சலுமாகத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் ரோட்டில் விழுந்து கிடக்கிறாள்.

சேலைத் தலைப்பை வழியெல்லாம் ஒரு செவலைக் குட்டியின் தலைக்குமேல் பிடித்தபடி, வெறுந்தலையோடு வந்திருக்கிறாள். நானும் டிரைவரும் தூக்கி வந்து, என்ஜினுக்கு ஊற்றியது போக டின்னில் இருந்த மிச்சத் தண்ணீரை முகத்தில் ஊற்றினோம். கண் திறந்தாள்.

"என்னைய விடுங்க. செவலக்குட்டி வெயில்ல நிக்குது."

டிரைவர் ஓடிப்போய் அதைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் விட்டார்.

குஜிலியம்பாறை போய்ச் சேர ஐந்தாகிவிட்டது. காவிரிக் கரையில் எங்கள் ஊரில் வழிநெடுக மரம். நிழலைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. அக்காள் இலை போட்டாள், சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டுக்கெல்லாம் நிழல் பிடித்தோம். அவளும் எங்களோடுதானே நடந்து வந்தாள்!