நான்காம் நம்பர் வண்டி

போர் தொடங்கியபோது அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்து, ராணுவ ஆம்புலன்ஸ் பிரிவின் நான்காம் நம்பர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிரிவில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. வண்டி ஓட்டியவனுக்குக் 'கல்லு' என்று பேர். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் ஸ்டீயரிங்கை விட்டுக் கையெடுக்கமாட்டான்.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் போயிற்று. படை பின்வாங்கிய அன்று எல்லாம் கெட்டது.

வண்டியில் நாலு ஸ்ட்ரெச்சர், நாலிலும் ஆள். ஒருவனுக்கு வயிற்றில் காயம். கட்டுத்துணியையும் மீறிக் கசிந்த ரத்தத்தை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். பின்கதவுக் கண்ணாடி வழியே தற்செயலாகப் பார்த்தாள். மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், படையில் சேர்ந்திருந்த அவள் தம்பி. முழங்காலுக்குக் கீழே கால் சிதைந்திருந்தது. போகிற வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

காயத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை, அதனால் டிரைவர் பக்கத் தடுப்பைத் தலையாலேயே இடித்தாள்.

"நிறுத்து! என் தம்பிடா! நிறுத்து!"

கல்லு நிறுத்தவில்லை. நாலு ஸ்ட்ரெச்சரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிவர ஒன்றரை மணி நேரமானது. தம்பி அதே மைல்கல்லில் சாய்ந்திருந்தான். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லிக் கேப்டனிடம் போய் நின்றாள்.

"ஆள் இல்லம்மா. இந்தச் சண்டை முடியட்டும், அப்புறம் உங்க சண்டையைப் போட்டுக்குங்க."

மூன்று வருஷம் அதே வண்டி, அதே ஆள். "தூக்கு", "போ", "மெதுவா" என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவனிடம் அவள் பேசியதில்லை. ஒருமுறை ஷெல் துண்டு பட்டு அவன் தோள் கிழிந்தது. கட்டுப்போட்டது அவள்தான், ஆனால் வேண்டியதைவிட ஒரு சுற்று இறுக்கமாக. அவனும் "வலிக்குது" என்று சொல்லித் தொலைக்கவில்லை.

போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து, பிரிவின் பழைய கிளார்க், அவள் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த சலவைக்கூடத்துக்கு வந்தார். பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். நான்காம் வண்டிப் பகுதியைப் படித்துக் காட்டினார்: "டிரைவரும் உதவியாளரும் அண்ணன் தங்கை போல..."

"யாருக்கு யார் அண்ணன்? அதை அடிச்சுடுங்க."

"நாலு பேர் படிக்கிற புத்தகம்மா. நல்லதா ஒரு வார்த்தை..."

"நல்லது வேணும்னா வேற வண்டியைப் பத்தி எழுதுங்க."

கிளார்க் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் முன்னாள் படைவீரர் சங்க அலுவலகத்துக்கு வரவழைத்தார். கல்லு இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். வந்தவன் வணக்கம் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கு நிறுத்தியிருந்தா வயித்துல அடிபட்டவன் செத்திருப்பான்" என்றான்.

"அவன் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே செத்துட்டான். என் கையிலதான்."

"இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"உன்கிட்ட பேசவே பிடிக்கலையே."

"மத்த மூணு பேர்?"

"பொழச்சாங்க."

"அப்படின்னா இன்னிக்கும் நிறுத்தமாட்டேன்" என்றான்.

அவளுக்குக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெரியும். அதை எழுதச் சொல்லு. என் தம்பி பேரும் வரணும்."

கிளார்க் நெளிந்தார். "பிரிவுக்குக் கெட்ட பேர் வருமே..."

"எழுதுங்க சார்" என்றான் கல்லு. "கத்தினாங்க, எனக்குக் கேட்டுச்சு. தம்பின்னு தெரிஞ்சும் நான் நிறுத்தல. அப்படியே எழுதுங்க."

அப்படியே அச்சாயிற்று, தம்பியின் பெயரோடு. பெயரில் பிழையில்லையா என்று அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். வெளியீட்டு விழாவுக்குப் போனாள். குரூப் போட்டோவில் கல்லு நின்ற வரிசையில் நிற்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லி, எதிர்க்கோடிக்குப் போய் நின்றாள். அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.